நான்கு பிஸ்டன் காலிப்பர் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

செடான் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் பிரேக்கை மாற்றும் ஆசை வருகிறது. அலாய் வீலுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் சிவப்புக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடித்து இறுக்கும் பாகம்), "நாலு பிஸ்டன்", "ஆறு பிஸ்டன்" என்ற விளம்பரம், "வண்டி பாதி தூரத்தில் நின்றுவிடும்" என்று கடைக்காரர் தரும் உறுதி, எல்லாம் சேர்ந்து ஆசையைக் கூட்டுகின்றன. நல்ல கம்பெனியின் பிரேக் கிட் லட்ச ரூபாயைத் தாண்டும். அவ்வளவு செலவழித்தும் முன்பைவிட மோசமாக நிற்கும் கார்கள் இருக்கின்றன. ஏன் என்று புரிய வேண்டுமானால் பிஸ்டன் பரப்பு, வெப்பம், முன் சக்கரமும் பின் சக்கரமும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விகிதம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

காலிப்பர் என்ன செய்கிறது?

பெடலை மிதிக்கும்போது காலின் விசையைப் பூஸ்டர் பெருக்கி மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகக் காலிப்பருக்குள் போய்ப் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பேடை (உராய்வுப் பட்டையை) தள்ள, இரண்டு பேட்களும் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கின்றன. காரின் இயக்க ஆற்றல் அங்கே வெப்பமாகிறது.

காலிப்பரில் இரண்டு வகை உண்டு. சாதாரணச் செடான்களில் இருப்பது மிதக்கும் காலிப்பர். உள்பக்கம் மட்டும் பிஸ்டன் இருக்கும். அது உள் பேடைத் தள்ளும்போது காலிப்பரின் உடல் ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடையும் இழுத்து அழுத்தும். மற்றது நிலைக் காலிப்பர். அதன் உடல் அசையாது, இருபுறமும் பிஸ்டன்கள் இருக்கும். கிட்டாக விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டு கொண்ட ரப்பர் சீல் ஒன்று உண்டு. பிஸ்டன் முன்னே போகும்போது அது சற்றே வளையும். பெடலை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்ளும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இதனால்தான். பழைய காலிப்பரில் சீல் இறுகிப்போனால் பேட் ஒட்டியபடியே தேய்ந்து, வீல் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். செகண்ட் ஹேண்ட் காலிப்பர் வாங்குகிறவர்கள் சீல் கிட்டின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிஸ்டன் எத்தனை என்பதல்ல, எவ்வளவு பரப்பு என்பதே கணக்கு

இறுக்கும் விசை என்பது ஆயிலின் அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் வருவது. நிலைக் காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ண வேண்டும்; எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன்கள் அதே விசைக்கு எதிர்விசை கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

எண்களில் பார்ப்போம். 54 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு சுமார் 2,290 சதுர மி.மீ. பக்கத்துக்கு 36 மி.மீ., 40 மி.மீ. என இரண்டு பிஸ்டன்கள் கொண்ட நான்கு பிஸ்டன் காலிப்பரின் ஒரு பக்கப் பரப்பு சுமார் 2,275 சதுர மி.மீ. ஒற்றைப் பிஸ்டனைவிட ஒரு துளி குறைவு! அதே டிஸ்க், அதே பேட் வகை என்றால், பெடலில் அதே மிதிக்கு அதே பிரேக்தான் கிடைக்கும்.

அப்படியானால் நிலைக் காலிப்பருக்கு என்ன மதிப்பு? மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. உடல் விறைப்பாக இருப்பதால் கடுமையாக மிதிக்கும்போது காலிப்பர் வாய் விரிவது குறைவு. பெடல் கல்போல நிற்கும். நீளமான பேட் வைக்கலாம், அழுத்தம் அதன் முழு நீளத்துக்கும் பரவும். ஸ்லைடு பின் துருப்பிடித்து ஒரு பேட் மட்டும் தேயும் தொல்லையும் கிடையாது.

விசையோடு இன்னொன்றும் சேர வேண்டும். டிஸ்க்கின் மையத்திலிருந்து பேடின் நடுப்பகுதி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. தூரம் கூடினால் அதே விசைக்குத் திருப்பு விசை கூடும். 256 மி.மீ. டிஸ்க்கில் இந்தத் தூரம் 105 மி.மீ. என்றும், 312 மி.மீ. டிஸ்க்கில் 133 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். டிஸ்க்கை மாற்றியதாலேயே பிரேக் 27 சதவீதம் கூடிவிட்டது.

கார்களை நிறுத்துவது டயர்

"பாதி தூரத்தில் நிற்கும்" என்ற பேச்சு அடிபட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. காரை நிறுத்துவது சாலையைப் பிடிக்கும் டயர். காய்ந்த தாரில் நல்ல டயரின் பிடிப்புக் கெழு 0.9 என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கக் குறைந்தது 44 மீட்டர் ஆகும். காலிப்பர் எதுவானாலும் இந்த எல்லை நகராது.

உங்கள் காருக்கு இதைச் சோதிப்பது எளிது. ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி ஏதும் வராதபோது, மிதமான வேகத்தில் பெடலை முழுவதும் மிதியுங்கள். பெடல் துடித்து, சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறதா? செய்தால், இப்போது இருக்கும் பிரேக்கே டயரின் எல்லையைத் தாண்டும் வலுவோடு இருக்கிறது என்று பொருள். அந்தக் காரில் முதல் தடவை மிதிக்கும்போது நிற்கும் தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் டயருக்குச் செலவழிப்பதே சரி.

வெப்பம்தான் நிஜமான காரணம்

பெரிய பிரேக் உதவுவது இரண்டாவது, ஐந்தாவது, இருபதாவது தடவை மிதிக்கும்போதுதான்.

1,300 கிலோ எடையுள்ள செடான் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 500 கிலோஜூல். 50 கி.மீ. வேகத்தில் 125 கிலோஜூல்தான்; வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நிறுத்தும்போது எடை முன்னே சாய்வதால் முன் பிரேக் ஏறத்தாழ 70 சதவீத வேலையைச் செய்கிறது. ஆக, ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே நிறுத்தத்தில் 175 கிலோஜூலை விழுங்குகிறது. டிஸ்க் 6 கிலோ வார்ப்பிரும்பு என்றால் அதன் வெப்பம் சுமார் 60 டிகிரி ஏறும். 9 கிலோ டிஸ்க் என்றால் 40 டிகிரிதான். ஆறவிடாமல் பத்துத் தடவை இப்படி மிதித்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது தெரியும்.

மலைப்பாதையில் கணக்கு இன்னும் கடுமை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது உயரம் 1,000 மீட்டருக்கு மேல் குறைகிறது. 1,000 மீட்டர் என்றே வைத்தாலும் அதே காருக்கு அது சுமார் 12,750 கிலோஜூல், 100 கி.மீ. வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை நிற்பதற்குச் சமம். கியரைக் குறைத்து இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். டாப் கியரில் பெடலை மிதித்தபடியே இறங்கினால் முழுச்சுமையும் டிஸ்க்கின் தலையில் விழும். அந்தப் பாதையில் பிரேக் போய் நடந்த விபத்துகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. லட்ச ரூபாய்க் காலிப்பரும் இரண்டாம் கியருக்கு மாற்றாகாது.

பிரேக் சூட்டில் தோற்பது இரண்டு விதம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எதை மாற்றுவது என்பது தானாகவே விளங்கும்.

1. பெடல் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிக்கவில்லை. இது பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டியதன் அடையாளம். நல்ல பேட் வேண்டும். அதுவும் போதாவிட்டால் பெரிய டிஸ்க்.

2. பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொடுகிறது. இது பிரேக் ஆயில் கொதித்ததன் அடையாளம். ஆயில் ஆவியானால் அழுத்தத்தைக் கடத்தாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 (DOT 3) வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, 155. டாட் 5.1 வகைக்கு 260, 180. இரண்டு மழைக்காலம் பார்த்த ஆயிலை மாற்றாமல் காலிப்பரை மாற்றுவதில் அர்த்தமே இல்லை. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

ஆகவே வரிசை இது: டயர், புது ஆயில், நல்ல பேட். சென்னையின் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற, கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் நிறுவனங்களின் பேட் சாலைப் பயன்பாட்டுக்குப் போதும். இவை மூன்றும் சரியாக இருந்தும் மலையிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ பிரேக் களைத்துப்போகிறது என்றால், அல்லது எஞ்சின் சக்தியைக் கூட்டியிருந்தால், அப்போது காலிப்பர் பேச்சை எடுக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முன்-பின் பங்கீடு கெடக்கூடாது என்பதே தலையாய விதி. மேலே சொன்ன 312 மி.மீ. டிஸ்க்கோடு பிஸ்டன் பரப்பையும் 10 சதவீதம் கூட்டினால் முன் பிரேக் 40 சதவீதம் வலுவாகும். பின் பிரேக் அப்படியே இருந்தால் 70க்கு 30 என்றிருந்த பங்கீடு 77க்கு 23 ஆகிவிடும். முன் டயர் எல்லையைச் சீக்கிரமே தொட்டு ஏபிஎஸ் குறுக்கிடும். பின் டயர் தன்னால் முடிந்ததைச் செய்யாமலே இருக்கும். பெடலை லேசாகத் தொட்டாலே கடிப்பதால் ஓட்டுபவருக்கு "பிரேக் பிரமாதம்" என்று தோன்றும். அளந்து பார்த்தால் நிற்கும் தூரம் கூடியிருக்கும். மாறாகப் பின் பிரேக் அளவுக்கு மீறினால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும். அது இன்னும் ஆபத்து.

நல்ல கிட்டைச் செய்கிறவர்கள் இதற்காகத்தான் டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது பிஸ்டனைச் சிறிதாக்குகிறார்கள். 312 மி.மீ. டிஸ்க்கில் பக்கத்துக்கு 32, 36 மி.மீ. பிஸ்டன்கள் வைத்தால் பரப்பு சுமார் 1,822 சதுர மி.மீ. அதை 133ஆல் பெருக்குங்கள். பழைய 2,290ஐ 105ஆல் பெருக்குங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பங்கீடு மாறவில்லை, வெப்பத்தைத் தாங்கும் திறன் மட்டும் கூடியிருக்கிறது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதன் பிஸ்டன் விட்டம் என்ன, என் காருக்கென்று கணக்கிட்டதா?" என்பதே. பதில் வராத கடையில் வாங்க வேண்டாம்.

பிஸ்டன் பரப்பு கூடினால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும், பெடலும் அதற்கேற்பக் கீழே போகும். சிலர் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டு இதைச் சரிசெய்வார்கள். 22.2 மி.மீ.க்குப் பதில் 23.8 மி.மீ. போட்டால் பெடல் ஓட்டம் குறையும், ஆனால் அதே அழுத்தத்துக்கு 15 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும்.

பந்தயத்துக்கென்றே செய்த காலிப்பர் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித் தூசு தடுக்கும் ரப்பர் உறை இருக்காது. அந்தச் சூட்டில் ரப்பர் கருகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். அவற்றை அடிக்கடி கழற்றிச் சீல் மாற்றுவார்கள். சேறும் புழுதியும் நிறைந்த சாலையில் தினமும் ஓடும் காருக்கு அது பொருந்தாது. தூசு உறை உள்ள சாலை வகையைக் கேட்டு வாங்குங்கள்.

போலிகளும் அதிகம். அசலைவிடப் பல மடங்கு மலிவாக வரும் "பிரெம்போ"வை (இத்தாலிய பிரேக் கம்பெனி) சந்தேகியுங்கள். அசல் காலிப்பருக்கு மேல் மாட்டும் சிவப்பு பிளாஸ்டிக் மூடி இன்னொரு வகை. அது அழகுக்குக்கூட வேண்டாம். காற்று படவேண்டிய இடத்தை மூடி வைக்கிறது.

ஒரு நிஜ உதாரணம்: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்

ஒரே கம்பெனியின் பெரிய மாடலிலிருந்து காலிப்பரை எடுத்துச் சின்ன மாடலில் போடுவது மலிவான, பெரும்பாலும் நம்பகமான வழி. 2002 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் செடானின் முன் பிரேக்கில் 294 மி.மீ. டிஸ்க்கும் இரண்டு பிஸ்டன் மிதக்கும் காலிப்பரும் இருந்தன. 2004 மாடலாக வந்த எஸ்டிஐயில் பிரெம்போவின் நான்கு பிஸ்டன் காலிப்பரும் 326 மி.மீ. டிஸ்க்கும். முன்பக்கம் போல்ட் துளைகள் பொருந்துவதால் எஸ்டிஐ பிரேக்கை டபிள்யூஆர்எக்ஸில் மாட்டுவது உலகெங்கும் பழகிப்போன வேலை.

சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. டபிள்யூஆர்எக்ஸின் 16 அங்குல வீல் அந்தக் காலிப்பருக்கு மேல் ஏறாது. 17 அங்குலத்திலும் வீலின் ஆரங்களின் (ஸ்போக்) வளைவு இடம் விடுவதாக இருக்க வேண்டும். பின் டிஸ்க்கின் நடுவில் ஹேண்ட் பிரேக்குக்கான டிரம் இருக்கிறது. டபிள்யூஆர்எக்ஸில் அது 170 மி.மீ., எஸ்டிஐயில் 190 மி.மீ. எஸ்டிஐ டிஸ்க்கை அப்படியே மாட்டினால் ஹேண்ட் பிரேக் ஷூ டிரம்மை எட்டாது. கார் சரிவில் நிற்காது. மூன்றாவது, 2005 மாடலிலிருந்து அமெரிக்க எஸ்டிஐயின் வீல் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.யிலிருந்து 114.3 மி.மீ. ஆகிவிட்டது. அந்த ஆண்டு டிஸ்க்கை வாங்கினால் டபிள்யூஆர்எக்ஸ் ஹப்பில் (வீல் மாட்டும் நடுப்பகுதியில்) உட்காரவே உட்காராது. "அதே கம்பெனி, அதே மாடல்" என்ற நம்பிக்கையில் ஒரு வருட வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் பணம் போகும்.

பொருத்தும்போது

இது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. டார்க் ரெஞ்சும் ஸ்டாண்டும் பிரேக் வேலையில் பழக்கமும் இல்லாதவர்கள், அவை உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று கீழ்க்காண்பவற்றைச் சரிபார்க்கலாம்.

1. பழையதைக் கழற்றும் முன்பே இடத்தை அளந்துவிடுங்கள். காலிப்பரின் அளவில் அட்டை வெட்டி வீலின் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி தேவை. வீல் பேலன்ஸுக்காக உள்ளே ஒட்டும் ஈயத் துண்டையும் கணக்கில் சேருங்கள். வீல் உரசாமல் சுழன்றாலும் அந்தத் துண்டு காலிப்பரில் உரசக்கூடும்.

2. ஹப் முகத்தின் துருவைப் பளபளக்கத் தேய்த்தெடுங்கள். ஒரு துருத் துணுக்கின் மேல் டிஸ்க் உட்கார்ந்தால் சுற்றும்போது தள்ளாடும். மிதக்கும் காலிப்பர் ஓரளவு கூடவே அசைந்து கொடுக்கும். நிலைக் காலிப்பர் கொடுக்காது. டிஸ்க்கைப் போல்ட்டால் இறுக்கி, டயல் கேஜில் தள்ளாட்டத்தைப் பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது.

3. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கிட்டோடு வந்த போல்ட்டாலேயே, கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்க வேண்டும். கையில் கிடைத்த போல்ட்டை இந்த இடத்தில் போடக் கூடாது.

4. டிஸ்க் காலிப்பரின் நட்டநடுவே ஓடுகிறதா என்று இருபுறமும் அளந்து பாருங்கள். இல்லையென்றால் மெல்லிய ஷிம் (தகடு) வைத்து நடுவாக்க வேண்டும்.

5. இடது, வலது மாறக் கூடாது. ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். பக்கம் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய், மேலே தங்கிய காற்று எத்தனை தடவை பிளீட் செய்தாலும் (ஆயிலிலிருந்து காற்றை எடுத்தாலும்) வெளியேறாது. இரு அளவுப் பிஸ்டன் உள்ள காலிப்பரில், சுழலும் டிஸ்க் முதலில் நுழையும் பக்கம் சிறிய பிஸ்டன் வர வேண்டும். மாறினால் பேட் சாய்வாகத் தேயும்.

6. ஓஸ் இணைப்பில் போல்ட்டின் இருபக்கமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள். பழையது ஒருமுறை நசுங்கியது, மறுபடி சீல் ஆகாது. ஸ்டீயரிங்கை இருகோடி வரை திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும் பாருங்கள். ஓஸ் முறுக்கிக்கொள்ளவோ இழுபடவோ டயரில் உரசவோ கூடாது.

7. பிளீட் செய்யும்போது ரிசர்வாயர் ஒருபோதும் காலியாகக் கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல கார்களில் ஸ்கேனர் மாட்டி அதன் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும். நிலைக் காலிப்பரில் உள்ளேயும் வெளியேயும் இரண்டு நிப்பிள் இருந்தால் இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும்; சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

8. வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துப் பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துவிடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கடுமையாக மிதித்துப் பிடித்தபடி, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்க்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. காலிப்பர் அளவு பதிவுச் சான்றிதழில் வருவதில்லை என்றாலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது அவசியம். விபத்துக்குப் பின் சர்வேயர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சிவப்புக் காலிப்பர்தான். பில்லையும் பாகத்தின் எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேட் பழகும் வரை

புதுப் பேட்டும் புது டிஸ்க்கும் உடனே முழுப் பிடிப்பைத் தராது. பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாக, சீராகப் படிய வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை மிதமாக மிதியுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சூடான டிஸ்க்கோடு சிக்னலில் நின்று பெடலை அழுத்தியே பிடித்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் பேட் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டீயரிங் அதிரும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று வருகிற புகார்களில் பல இந்தத் திட்டால் வருபவை.

100 கி.மீ. ஓடியதும் வீலைக் கழற்றிப் பிராக்கெட் போல்ட்களின் டார்க்கையும் ஓஸ் இணைப்புகளையும் மறுபடி பாருங்கள். நான்கு பேட்களின் தடிமனையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் ஒரு பேட் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால், டிஸ்க் நடுவில் ஓடவில்லை அல்லது ஒரு பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அப்போதே கழற்றிப் பார்த்தாக வேண்டும்.